நிப்பாட்டுங்கோ: வன்னியில் பெண்களும் அரங்கும்

வட இலங்கையின் வன்னி, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபம். தகரக் கூரை, வைகாசி வெயில், இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது. இருபது இருபத்தைந்து பெண்கள் சுவரோரமாகப் பாயில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில், மகனுடைய நீளக்கைச் சேட்டைப் போட்டு, பொக்கற்றில் பேனை செருகி, மடியில் பைலோடு கால்மேல் கால் போட்டபடி ஒரு பெண். நாடகத்தில் அவர்தான் லோன்காரர், நுண்கடன் கம்பனிக்காகக் கிழமைக் காசு வாங்க வீட்டுக்கு வருகிறவர். "கட்டாமல் போகமாட்டன் அக்கா. இருட்டினாலும் இருப்பன்" என்கிறார். மண்டபமே சிரிக்கிறது. அந்த வசனத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் அது ஏற்கெனவே பாடம்.

நாடகம் ஏழு நிமிடம். கிழமைக் காசு கட்ட முடியாத பெண் வாசலில் நிற்கிறாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்று வாங்க அனுப்புகிறாள், அங்கேயும் இல்லை. லோன் குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் வந்து அவளைப் பேசுகிறார்கள், ஏனென்றால் ஒருத்தி கட்டாவிட்டால் அவர்கள்தான் கட்ட வேண்டும். கடைசியில் இந்த லோனை அடைக்க இன்னொரு கம்பனியில் லோன் எடுக்கிறாள். முடிந்தது. கைதட்டல். பிறகு நாடகத்தை நடத்திய பிள்ளை முன்னுக்கு வந்தாள். "இன்னொருக்கால் முதலில இருந்து போடப்போறம். எந்த இடத்தில 'நான் எண்டால் இப்பிடிச் செய்யமாட்டன்' எண்டு படுதோ, அந்த இடத்தில நிப்பாட்டு எண்டு சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வந்து அவவின்ர இடத்தில நில்லுங்கோ."

இரண்டாம் தடவை, பிள்ளையை அனுப்பும் இடம் வந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா "நிப்பாட்டுங்கோ" என்றார். எழும்பி வந்து, வாசலில் நின்ற பெண்ணை விலகச் சொன்னார். மூலையில் கிடந்த இன்னொரு கதிரையை இழுத்து வந்து, லோன்காரருக்கு நேரெதிரே போட்டு, அதில் இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தங்கள் வீட்டு விறாந்தையில், தங்கள் கதிரையில் லோன்காரர் இருக்க, தாங்கள் நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்தது. கொஞ்சம் பொறுத்து அந்த அம்மா கேட்டார்: "தம்பி, நான் கையெழுத்து வச்ச பேப்பரைக் காட்டும்."

லோன்காரராக நடித்தவருக்குப் பதில் வரவில்லை. அவரும் வீட்டில் லோன் கட்டுகிறவர்தான். அந்தப் பேப்பரின் பிரதி அவரிடமும் இல்லை. கேட்டுக்கொண்டு போனால், அங்கே ஒருவரிடமும் இல்லை. எல்லாரிடமும் இருந்தது காசு கட்டியதைக் குறிக்கும் அட்டை மட்டும். அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் நாடகம் நடக்கவில்லை, கதைதான் நடந்தது.

பெண்ணிலைவாதக் கலைக்கல்வி என்று கனமான பெயரில் சொல்லப்படுகிற விசயம் எனக்கு விளங்கியது அந்த இரண்டாவது கதிரையில்தான்.

இந்த அரங்கு முறையின் ஊர் தென்னமெரிக்கா. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகுஸ்தோ போவால், அதே நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரேயின் சிந்தனைகளை ஒட்டி, 1970களில் இதை வளர்த்தெடுத்தார். தமிழில் ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்கிறோம். பார்ப்பவர் எழும்பி வந்து மாற்றி நடிக்கும் வகையை மன்ற அரங்கு என்பார்கள். அது பிறந்த கதையை போவாலே சொல்லியிருக்கிறார். 1973இல் அவர் பெரு நாட்டில் ஒரு எழுத்தறிவுத் திட்டத்தோடு வேலைசெய்துகொண்டிருந்தார். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண் தன் கதையைக் கொண்டுவந்தாள். வீடு கட்டவென்று மாதா மாதம் புருசனிடம் காசு கொடுத்து வந்திருக்கிறாள். அவனும் இடைக்கிடை கடதாசிகளைக் கொடுத்து, 'இதுதான் வீட்டுப் பத்திரம், பத்திரமாக வை' என்றிருக்கிறான். ஒருநாள் சந்தேகம் வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் வாசிக்கக் கொடுத்தால், அத்தனையும் அவனுடைய காதலி அவனுக்கு எழுதிய கடிதங்கள். அன்று இரவு அவன் வீட்டுக்கு வருகிறான். என்ன செய்யலாம்? நடிகர்கள் சபையைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு முடிவாக நடித்துக் காட்டினார்கள். சபையில் இருந்த ஒரு பருத்த பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. அவனோடு தெளிவாகக் கதைக்க வேண்டும் என்கிறாள். நடிகை எப்படிக் கதைத்துக் காட்டினாலும் இது இல்லை என்கிறாள். சலித்துப்போன போவால், 'அப்ப நீங்களே வந்து செய்யுங்கள்' என்றார். அவள் மேடைக்கு ஏறி, தும்புத்தடியை எடுத்து, புருசனாக நடித்தவனை வெளுத்து வாங்கினாளாம். அவளுடைய அகராதியில் தெளிவாகக் கதைப்பது என்றால் அதுதான். மற்ற யாராலும் அதை அவளுக்காக நடித்துக் காட்டியிருக்க முடியாது.

பெருவில் வாசிக்கத் தெரியாதவளின் கையில் காதல் கடிதம். வன்னியில் வாசிக்கத் தெரிந்தவர்களின் கையில் பேப்பரே இல்லை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் கடன் விவகார நிபுணர், இங்கே பெண்களுக்குக் கொடுக்கப்படும் நுண்கடனின் வட்டி சில இடங்களில் 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். அதே ஆண்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்பதாக அறிவித்தது. தன் கடன் எவ்வளவு, எத்தனை கிழமை பிந்தியிருக்கிறது என்று காட்டப் பேப்பர் இல்லாதவள் என்ன செய்வாள் என்று மட்டும் கேட்டு இதை விடுகிறேன்.

போவாலின் முறையில் சபைக்கும் மேடைக்கும் நடுவில் நிற்பவருக்கு ஆங்கிலத்தில் ஜோக்கர் என்று பெயர். நாங்கள் கட்டியகாரி என்கிறோம். கூத்தில் யார் வருகிறார் என்று கூவி அறிவிக்கிறவன் கட்டியகாரன். அந்த வேலை ஒரு பெண்ணின் கைக்கு வந்ததே எங்கள் ஊரில் சின்ன விசயமில்லை. ஏன் என்று சொல்ல, இங்கே பெண்பிள்ளைக்குக் கலை எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கலைக்கல்வியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை அழகியல் பாடம் ஒன்று எல்லாப் பிள்ளைக்கும் உண்டு: சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் விரும்பினால் எடுக்கலாம். ஆனால் வன்னிப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கு ரீச்சர் வந்திருக்கிறாவோ அதுதான் பிள்ளையின் கலை. ரீச்சர் மாற்றலாகிப் போனால் கலையும் போய்விடும். மேலே படிக்க ஆசைப்பட்டால் ஒன்றில் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பகுதி, அல்லது மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரிலுள்ள அழகியல் கற்கைகள் நிறுவகம். 2021இல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் வந்தபோது அதற்குக் கிடைத்த பீடங்கள் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள்.

பெண்பிள்ளைக்கு அநேகமாக நடனம்தான். அதன் பெரிய பயன்பாடு வரவேற்பு நடனம். நானும் ஆடியிருக்கிறேன். பிரதம விருந்தினர் ஒன்பதரைக்கு வருவார் என்று எட்டு மணிக்கே மேக்கப் போட்டு, வாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அவர் வந்தது பதினொன்றரைக்கு. வியர்வையில் கண்மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. சேலைக்குள் குத்தியிருந்த ஊசி கழன்று இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. சிரிக்கச் சொல்லியிருந்தார்கள், சிரித்தோம். அவர் போனில் கதைத்தபடியே எங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டார். ஆட்டம் நடுவில்தான் இருந்தது. நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் ஆடி முடித்தோம். நடனத்தில் எனக்குக் குறையில்லை. அதைப் படித்த ஐந்து வருடத்தில் 'எதை ஆடுவம் பிள்ளையள்?' என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை என்பதுதான் குறை.

கூத்தில் பெண்ணே இல்லை, பெண் வேசம்தான் உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்துக்கென்று தனி ஆட்டமுறை இருக்கிறது, முல்லைமோடி என்பார்கள். அதில் பேர்போனது கோவலன் கூத்து. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆண், மத்தளம் ஆண், பிற்பாட்டு ஆண், மாதவியும் ஆண், கண்ணகியும் ஆண். இராவிராவாகப் பழக வேண்டும், விடிய விடிய ஆட வேண்டும், அதற்குப் பெண்களை எப்படி விடுவது என்பது பழைய நியாயம். விடிய விடியப் பார்ப்பதற்குப் பெண்கள் பாயோடு போனார்கள். அதற்கு நியாயம் தேவைப்படவில்லை. இப்போது பள்ளிக்கூடக் கூத்துகளில் பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள். மத்தளம் பெரும்பாலும் இன்னும் அந்தப் பக்கத்தில்தான்.

பெண்ணுக்கென்று தடையில்லாமல் கிடைத்த ஒரே அரங்கு செத்தவீடு. ஒப்பாரியைக் கலை என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த இடத்திலேயே கட்டிப் பாட வேண்டும், எதுகை விழ வேண்டும், கேட்பவர் நெஞ்சு உருக வேண்டும். நல்ல ஒப்பாரிக்காரிகள் வந்தால் பந்தலில் ஆம்பிளையள் கதையை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பார்கள். அதோடு, ஒப்பாரியில் மட்டும்தான் ஒரு பெண் தன் மாமியாரை, சீதனம் கேட்ட மச்சானை, பார்க்க வராத சகோதரத்தை, எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டுக் கேட்கலாம். யாரும் கோவிக்க முடியாது, அது அழுகைக் கணக்கு. நெல் அருவி வெட்டும்போதும் நாற்று நடும்போதும் பாட்டு இருந்தது; வெட்டும் மெசின் வந்தபின் அருவி வெட்டுப் பாட்டுக்கு வயலில் வேலையில்லை. ஒப்பாரிக்கு மட்டும் வேலை குறையவே இல்லை.

செத்தவீட்டின் வாசலில் இருந்த மற்றக் கலையைப் பற்றியும் ஒரு சொல். பறை. அது குறிப்பிட்ட ஒரு சாதி ஆண்களின் கடமையாக வைக்கப்பட்டு, அந்தச் சாதியை அவமதிக்கும் கருவியாகவும் ஆனது. அந்த மக்களில் பலர் இனி அடிக்கமாட்டோம் என்று கீழே வைத்தார்கள். அது அவர்களுடைய போராட்டம். இன்று பெண்கள் பறையைக் கையில் எடுக்கும்போது 'விடுதலை இசை' என்று புகழ்கிறோம். கீழே வைத்தவர்களின் வீட்டுப் பெண்களை முதலில் கேட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கைதட்டுவேன்.

சரி, கண்ணகிக்கு வருவோம். வன்னியில் பெண்களோடு அரங்கு செய்ய வெளியே போய்க் கதை தேட வேண்டியதில்லை. முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்பின் ஓரத்தில் வற்றாப்பளை அம்மன் இருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்கு ஊரே திரளும், கடல் தண்ணீரில் விளக்கெரியும். அந்த விளக்குக்குப் பின்னால் ஒரு கதை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, இங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன்களிடம் ஒரு கிழவியாக வந்தாளாம். இருக்க இடம் கேட்டாள், இலைகுழையால் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். பசிக்குது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணியை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். முடியை விலக்கிய பிள்ளைகள் தலை முழுக்கக் கண்களைக் கண்டார்கள்.

மதுரைக் கதையில் அவள் அரசவைக்குள் போய், நடந்துகொண்டிருந்ததை நிறுத்திய பெண். நந்திக்கடல் கதையில் அவள் களைத்துப்போன கிழவி. வீடும் சோறும் வெளிச்சமும் கேட்கிறாள், தன் தலையைத் தொட்டுப் பார்க்க ஒரு கை கேட்கிறாள். எங்கள் ஊர்க்காரர் சிலப்பதிகாரத்தோடு கதையை முடிக்காமல், அதற்குப் பிறகு அவளுக்கு என்ன நடந்தது என்று யோசித்திருக்கிறார்கள். போர் முடிந்த வன்னியில் இதைவிடப் பொருத்தமான நாடகப் பிரதி இல்லை என்பது என் எண்ணம். ஒரு பயிற்சியில், அந்தக் கிழவியாக நின்று ஒரு வசனம் சொல்லச் சொன்னார்கள். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நந்திக்கடல் என்ற சொல் வந்த இடத்தில் ஒருவர் பேசாமல் இருந்துவிட்டு, 'நாங்களும் அந்தத் தண்ணிக்குள்ளால தானே வந்தனாங்கள்' என்றார். போரின் கடைசி நாட்களில், 2009 மேயில், அந்தத் தண்ணீரைக் கடந்தவர்களும் வழியில் விட்டவர்களும் அந்த மண்டபத்தில் நிறையப் பேர். கட்டியகாரி அன்றைக்குப் பயிற்சியை அதோடு முடித்துவிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். சரியான முடிவு. கலையால் காயம் ஆறும் என்று சுலபமாக எழுதிவிடலாம். தெரியாத கையால் கிண்டினால் காயம் பெருக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

வன்னிப் பெண்ணுக்கும் அரங்குக்கும் உள்ள தொடர்பில் மறைக்கக் கூடாத ஒரு பெயர் செல்வி. வவுனியா சேமமடுவைச் சேர்ந்த செல்வநிதி தியாகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர், கவிஞர், 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்தியவர். 1980களின் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் போன்ற குழுக்கள் இயங்கின. 1986இல் பெண்களின் கவிதைகளை மட்டும் சேர்த்து 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பு வந்தது. பெண்ணிலைவாதம் என்ற சொல் ஈழத்துத் தமிழில் பழகியதும் அந்தச் சூழலில்தான். தமிழ்நாட்டில் பெண்ணியம் என்பதை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். செல்வி அங்கே சீதனத்தையும் பாலியல் வன்முறையையும் நாடகமாக்கினார். 1991 ஓகஸ்ட் 30இல் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுவருடம் சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது கொடுத்தது. வாங்க அவர் வரவில்லை, பிறகும் வரவில்லை. வன்னியில் பெண்ணிலைவாதக் கலை என்பது போருக்குப் பிறகு வெளிநாட்டுக் காசோடு வந்த புதினம் என்று சிலர் சொல்வதுண்டு. சேமமடு எங்கே இருக்கிறது என்று அவர்களைக் கேட்கலாம்.

அந்தக் காலத்துக்குப் பிறகு வன்னியில் அரங்கு செத்துப் போகவில்லை, வேறு வேலைக்குப் போனது. வீதி நாடகம் புலிகள் இயக்கத்தின் பரப்புரையானது. சந்தியில், பள்ளிக்கூட முற்றத்தில் நாடகம் நடக்கும். உருக்கமாக இருக்கும், நன்றாகவும் இருக்கும். முடிந்ததும் வந்து சேரச் சொல்லும் பேச்சு. நல்ல நடிகைகள் அதில் இருந்தார்கள். துவக்குத் தூக்கிய பெண்கள் கவிதையும் எழுதினார்கள். ஆனால் நாடகம் பார்க்கப் போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பாத தாய்மாருக்கு 'வீதி நாடகம்' என்ற சொல்லே இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். இப்போதும் சில ஊர்களில் நாடகம் என்று சொன்னால் முதியவர்கள் முதலில் கேட்பது, 'ஆர் செய்விக்கினம்?' என்றுதான். அந்தக் கேள்வியை அறியாமை என்று நினைக்கிற பயிற்றுநர்கள் திரும்பிப் போகலாம்.

போர் முடிந்தது. புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்ட முன்னாள் போராளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். வெளியே வந்தவர்களுக்கும், போரில் இடம்பெயர்ந்தவர்கள் வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து மீளக்குடியேறியவர்களுக்கும், பயிற்சிகள் வந்தன: தையல், கேக் ஐசிங், அழகுக்கலை. பெண்ணுக்குக் கொடுத்த ஒரே கலை அழகுக்கலை என்று ஒரு அக்கா பகிடி விட்டது நினைவிருக்கிறது. 2010இல் அரசாங்கமே வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் என்று கணக்குச் சொன்னது. அத்தனை பேரும் கேக் செய்தால் யார் வாங்குவது?

அதற்குப் பிறகு விழிப்புணர்வு நாடகங்களின் காலம். ஒரு செய்தி கொழும்பில் தீர்மானமாகும்: இளவயதுத் திருமணம், வீட்டு வன்முறை, டெங்கு. அதைச் சொல்ல ஒரு நாடகக் குழு வரும். குடிகாரப் புருசன் அடிப்பான், பெண் அழுவாள், படித்த ஒருவர் வந்து '2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்திருக்கு, தெரியாதா?' என்பார், புருசன் திருந்துவான். பனர், படம், சாப்பாட்டுப் பாசல், கையொப்பத் தாள். நான் பார்த்த இப்படியான நாடகங்களில் ஒன்றில்கூட, பொலிசுக்குப் போன பெண் தன் மொழியில் முறைப்பாடு கொடுக்க முடிந்ததா, அன்றிரவு எங்கே படுத்தாள் என்ற காட்சி இருந்ததில்லை. அந்த நாடகங்கள் பொய் சொல்லவில்லை. பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிவிட்டு, தெரியாததற்கு முன்னால் திரையை இழுத்தன.

இதற்கு எதிர்ப்பக்கமாக நடந்த வேலைகளும் உண்டு. 2012, 2013 காலத்தில் வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கதைகளைச் சேர்த்த ஒரு ஆவணத் திட்டம் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தது. கேள்விக்கொத்தை நீட்டாமல், எழுத விருப்பமானவரைக் கடிதம் எழுதச் சொன்னது, மற்றவர்களை மரம் வரையச் சொன்னது: வேரில் எங்கிருந்து வந்தோம், தண்டில் எது தாங்குகிறது, கிளையில் ஆசைகள், உதிர்ந்த இலையில் இழந்தவர்கள். கையில் பென்சில் பிடித்து இருபது வருடமான ஒருவருக்கு வீட்டையும் கிணற்றையும் மாமரத்தையும் வரைவது, அதிகாரிக்குப் பதில் சொல்வதைவிட வேறான வேலை. எதை வரைவது, எதை விடுவது என்பது அவர் கையில்.

மட்டக்களப்பைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. அங்கே சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து பாட்டையும் நாடகத்தையும் பெண்கள் வேலையின் நடுவில் வைத்திருக்கிறது. 'பெண்' சஞ்சிகை வருகிறது. 2022இல் பொருளாதாரம் கவிழ்ந்தபோது பெண்கள் பாடிக்கொண்டே நீதி கேட்டு நடந்தார்கள். முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்று செய்ததன் பலன் அது. வன்னியில் அதே முப்பது வருடமும் சனம் பெட்டி கட்டிக்கொண்டே இருந்தது.

ஆனால் அரங்கென்று பெயர் வைக்காத அரங்கு வன்னியில் இருக்கிறது. 2017 ஜனவரி கடைசியில் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்புச் சனம், தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாமுக்கு வெளியே, காணியைத் திருப்பிக் கேட்டுப் போராட்டமாகப் போய் இருந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். தெருவோரத்தில் சமைத்து, அங்கேயே படுத்து, அங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். மார்ச் 1இல் காணி கிடைத்தது. அதே நந்திக்கடல் கரை, கிழவி கேட்ட அதே இருக்க இடம். பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். வவுனியாவில் சில நாள் கழித்து. முல்லைத்தீவில் மார்ச் 8, பெண்கள் தினத்தன்று. எட்டு வருடத்தைத் தாண்டியும் அது முடியவில்லை, இருந்த தாய்மாரில் பலர் முடிந்துவிட்டார்கள். அங்கே நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். படத்தை நெஞ்சோடு பிடிக்கும் விதம், தேங்காய் உடைப்பது, ஒப்பாரி. செத்தவீட்டுப் பாட்டை, செத்தாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்காகத் தெருவில், அரசாங்கத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள். ஒப்பாரியின் முகவரியையே மாற்றிவிட்டார்கள். எந்தச் செயலமர்விலும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெண்ணிலைவாதக் கலைக்கல்வி இங்கே கற்பிக்க வருமுன் கொஞ்சம் கற்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் பயிற்சி எதற்கு? ஒத்திகைக்கு. தெருவில் நூறு பேரோடு இருக்கிற துணிச்சல், பிரதேச செயலகத்தில் தனியே ஒரு மேசைக்கு முன்னால் நிற்கும்போது வராது. இரணைமடு, முத்தையன்கட்டு, விசுவமடு என்று வன்னியில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டக் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெமிற் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பெமிற்காரர் யாரையும் பின்னுரித்தாளராகப் போடாமல் இறந்தால் பிள்ளைகளுக்குள் ஆண்பிள்ளைக்கே முதலிடம். அது 2022இல்தான் திருத்தப்பட்டது. இன்னொரு பக்கம், வடபகுதித் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமை: மணமான பெண் தன் பெயரிலுள்ள சீதனக் காணியைக்கூடப் புருசனின் சம்மதக் கையெழுத்தில்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. புருசன் காணாமல் போயிருந்தால்? கோட்டுக்குப் போக வேண்டும், அல்லது அவர் இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இறந்ததாக எழுதிக் கொடுக்க மனம் வராதவர்களுக்காக, காணவில்லை என்றே சான்றிதழ் கொடுக்கும் சட்டம் 2016இல் வந்தது. அதைக் கேட்டுப் போகிற பெண்ணிடம், 'மரணச் சான்றிதழை எடுங்கோவன் அம்மா, லேசு' என்று கிளாக்கர் சொன்னால், அதற்குச் சொல்லும் பதிலை அவள் முன்பே ஒருதடவை வாயால் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். சட்டத்தைத் துண்டுப்பிரசுரத்தில் வாசிக்கலாம். குரல் எந்த இடத்தில் உடைகிறது என்பது நடித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்த ஒரு ஒத்திகையில் கிளாக்கராக நடிக்க எல்லாரும் போட்டிபோட்டார்கள். கேட்கிற பெண்ணாக நடிக்க ஒருவரும் வரவில்லை. நாலாம் தடவைதான் ஒருவர் எழும்பினார்.

இதெல்லாம் சொல்லும்போது சுலபம். செய்யும்போது முதல் பிரச்சினை பஸ். நாலரை பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக ஏலாது, ஆகவே எந்த நாடகமும் நாலு மணிக்கு முடிந்துவிட வேண்டும். இரண்டாவது, பிள்ளையை யார் பார்ப்பது. மூன்றாவது, 'என்ன கூட்டம், ஆர் வந்தவை' என்று அடுத்தநாள் வந்து விசாரிக்கும் சிவில் உடுப்புக்காரர். 2024 மேயில் திருகோணமலை சம்பூரில், போரின் கடைசியில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதற்கே பெண்களைக் கைதுசெய்த நாடு இது. பிறகு ஊர்வாய். புருசன் இல்லாத பெண் நாடகத்துக்குப் போகிறாள் என்ற கதை, நாடகம் தொடங்குமுன்னரே ஊரைச் சுற்றிவிடும். இதற்குள் பயிற்சி மூன்று நாள், திட்டம் ஆறு மாதம் என்று வந்தால் என்ன செய்வது? மூன்றாம் நாள்தான் பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கவே தொடங்குவார்கள்.

முதலில் சொன்ன அந்த மண்டபத்துக் குழு, லோன் நாடகத்தைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோக யோசித்தது. சிக்கல் என்னவென்றால், நிஜ லோன்காரரின் தாய் அந்த ஊர்தான், அவவும் மாதர் சங்கத்தில் இருக்கிறா. சேட்டின் நிறத்தை மாற்றுவோமா என்று அரை மணித்தியாலம் விவாதம். கதிரை போட்ட அம்மாவை அன்றைக்குக் கண்டேன். வீட்டிலும் செய்து பார்த்தாவாம். அடுத்த கிழமை லோன்காரர் வந்தபோது விறாந்தையில் இரண்டு கதிரையை எதிரெதிரே போட்டு, ஒன்றில் தான் இருந்துகொண்டு, மற்றதைக் காட்டியிருக்கிறா. அவர் இருக்கவில்லை. நின்றபடியே அட்டையில் எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

"அப்ப காசு?" என்று கேட்டேன்.

"காசு கட்டினதுதான் பிள்ளை. கட்டாமல் விடுவினமே. பேப்பரின்ர கொப்பி ஒண்டு தரச் சொல்லிக் கேட்டனான். தாறனெண்டவர். இன்னும் தரேல்ல."